போப்பாண்டவர் யாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்வார்?

எங்கள் தெருவில் ஒரு பையன். ஆறாம் வகுப்பு. அப்பாவுக்கு கன்டெய்னர் யார்டில் வேலை. அம்மா ராயபுரத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் பையனுக்கு மறைக்கல்வி வகுப்பு. அதற்கு வருஷப் பரீட்சையும் உண்டு. பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் நோட்டைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். "அங்கிள், நீங்க கேள்வி கேளுங்க, நான் பதில் சொல்றேன்."

கேட்டேன். திருச்சபையின் தலைவர் யார்? போப்பாண்டவர். அவர் யாருடைய வாரிசு? புனித பேதுரு. ஆயர்கள் யார்? திருத்தூதர்களின் வழிவந்தவர்கள். போதிக்கும் அதிகாரம் யாருக்கு? போப்பாண்டவருக்கும் அவரோடு சேர்ந்த ஆயர்களுக்கும். நம் கடமை என்ன? கீழ்ப்படிதல்.

மூச்சு விடாமல் சொன்னான். நூற்றுக்கு நூறு. நோட்டை மூடும்போதுதான் மெதுவாக ஆரம்பித்தான். "போன வாரம் மிஸ்கிட்ட ஒண்ணு கேட்டேன் அங்கிள். போப்பாண்டவர் பாவமே பண்ண மாட்டாரா? பண்ணினா யார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணுவாரு?"

"மிஸ் என்ன சொன்னாங்க?"

"அதிகப்பிரசங்கித்தனமா பேசாதன்னு கடைசி பெஞ்சுக்கு அனுப்பிட்டாங்க."

எந்தக் கோயில், எந்த மிஸ் என்று கேட்காதீர்கள். அந்த மிஸ் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு, சம்பளம் வாங்காமல், அறுபது வாண்டுகளைக் கட்டி மேய்க்கிற பெண் அவர். அவருக்கும் யாரோ சின்ன வயதில் இதே நோட்டைத்தான் கொடுத்திருப்பார்கள். என் கோபமெல்லாம் நம் மேல். பெற்றோர் மேல், பங்குக் குழுக்கள் மேல், 'பிள்ளை மந்திரம் சொல்லிடுச்சு' என்று பூரித்துப்போகிற பெரியவர்கள் மேல்.

நானும் அந்த வகுப்பில் உட்கார்ந்தவன்தான். 1986 பிப்ரவரியில் போப்பாண்டவர் இரண்டாம் ஜான்பால் சென்னைக்கு வந்தபோது, திருவொற்றியூரிலிருந்து என்னைத் தூக்கிக்கொண்டு போனார் அப்பா. கூட்டத்தில் அவர் தோளில் உட்கார்ந்து நான் பார்த்தது தூரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. 'பாத்துட்டியா, பாத்துட்டியா' என்று நாலு தடவை கேட்டார். பார்த்துவிட்டேன் என்றேன். அந்த வெள்ளைப் புள்ளி என்ன பேசியது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து யோசித்துப் பார்த்தால், நம் பிள்ளைகளுக்கு நாம் இன்னும் அந்தப் புள்ளியைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

யாருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்குப் பிசகாமல் சொல்லித் தருகிறோம். அவர் என்ன சொன்னார் என்பதை மட்டும் மறைத்துவிடுகிறோம். காரணம் எளிது. அவர் சொன்னதைப் பிள்ளைகள் தெரிந்துகொண்டால், அவர்கள் திரும்பிப் பார்த்துக் கேட்கப்போவது நம்மைத்தான்.

உதாரணம் வேண்டுமா? எண்ணூரிலிருந்தே ஆரம்பிப்போம்.

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து எண்ணூர் கழிமுகத்தில் பரவியது. படகும் வலையும் கருப்பாயின. மீன் போச்சு, பிழைப்பு போச்சு. ஆட்கள் வாளியைப் போட்டு எண்ணெயை அள்ளிய படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் பக்கம், உர ஆலைக்கு வரும் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தது. தூக்கத்திலிருந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் தெருவில் ஓடினார்கள்.

எட்டு வருஷம் முன்னால், 2015-இல், போப்பாண்டவர் பிரான்சிஸ் 'லவுதாத்தோ சி' என்ற சுற்றுமடலை வெளியிட்டார். காற்றையும் தண்ணீரையும் நாசமாக்குவது பாவம், அந்த நாசம் முதலில் விழுவது ஏழைகள் தலையில், லாபம் ஒருத்தருக்கும் நோய் இன்னொருத்தருக்கும் போவது அநீதி என்று பக்கம் பக்கமாக எழுதிய மடல் அது. எண்ணூர் குப்பத்துக் கத்தோலிக்கப் பையனுக்கு இதைவிட நெருக்கமான வேதபாடம் வேறு என்ன இருக்க முடியும்? தான் மூச்சு விடுகிற காற்றைப் பற்றி ரோமாபுரியில் ஒரு கிழவர் எழுதியிருக்கிறார் என்று அந்தப் பையனுக்குத் தெரியுமா? போப்பாண்டவர் பெயரைக் கேட்டால் டாண் என்று சொல்வான். மடலைக் கேட்டால் முழிப்பான்.

துறைமுகத்துக்கு வாருங்கள். 1891-இல் பதின்மூன்றாம் லியோ 'ரேரும் நோவாரும்' எழுதினார். தொழிலாளிக்கு நியாயமான கூலி, ஓய்வு, சங்கம் வைக்கும் உரிமை எல்லாவற்றையும் பற்றி. நம்ம பெரம்பூர் மில் தொழிலாளிகளுக்காக 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்ததற்கு 27 வருஷம் முன்னால். 2025 மே 8-ஆம் தேதி வெள்ளைப் புகை வந்து புதுப் போப்பாண்டவர் தேர்வானதைப் பிள்ளைகள் எல்லாம் டி.வி.யில் பார்த்தார்கள். பதினான்காம் லியோ என்று பெயர் வைத்துக்கொண்டார். ஏன் அந்தப் பெயர் என்று இரண்டே நாளில் கர்தினால்களிடம் அவரே விளக்கினார்: அந்தப் பழைய லியோ தொழில்புரட்சிக் காலத்துத் தொழிலாளிக்காகப் பேசினார், இன்று செயற்கை நுண்ணறிவு வந்து வேலையையும் மனித மரியாதையையும் மறுபடி கேள்வியாக்குகிறது என்று. கான்ட்ராக்ட் கூலிக்கு கன்டெய்னர் யார்டில் நிற்கிறவரின் மகனுக்கு இதைச் சொல்லித்தர எத்தனை நிமிஷம் ஆகும்? ஐந்து? பத்து? நாம் சொல்லிக்கொடுத்தது, பதினான்காம் லியோ 267-ஆவது போப்பாண்டவர் என்பதை. ஒரு மார்க் கேள்வி.

சாதிக்கு வருவோமா? வேண்டாம் என்று நீங்கள் நெளிவது தெரிகிறது. 2003 நவம்பரில் தமிழ்நாட்டு ஆயர்கள் ரோமுக்குப் போனபோது அதே இரண்டாம் ஜான்பால் அவர்களிடம் நேராகவே பேசினார். கிறிஸ்தவர்களுக்குள் சாதி பார்ப்பது கிறிஸ்தவத்துக்கே எதிரானது, தலித் மக்கள் மேல் தனி அக்கறை வேண்டும் என்றார். அதிகாரமுள்ள இடத்திலிருந்து வந்த போதனை. யார் கீழ்ப்படிந்தது? விழுப்புரம் பக்கம் எறையூரில், தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்ட தகராறு 2008 மார்ச்சில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் முடிந்து இரண்டு உயிர் போனது. ஒரே நற்கருணையை வாங்குகிற நாக்குகள்தான் இரண்டு பக்கமும். அன்றைக்குக் கல்லெறிந்த ஒவ்வொருவரும் சின்ன வயதில் 'நம் கடமை கீழ்ப்படிதல்' என்று எழுதி மார்க் வாங்கியவர்களாகத்தான் இருப்பார்கள்.

இப்போது புரிகிறதா, ஏன் மிஸ்ஸுக்குக் கேள்வி கேட்கிற பையன் பிடிக்கவில்லை என்று?

நான் படித்தது பி.காம். இறையியல் இல்லை. ஆனால் அதிகாரம் என்றால் என்ன என்பதை இறையியல்வாதியைவிட பேங்க்காரன் சுலபமாகச் சொல்லிவிடுவான். ஒரு பேங்கில் கிளை மேலாளருக்கு ஒரு வரம்பு. அதுவரைதான் அவர் கையெழுத்துக்குக் கடன் கிடைக்கும். அதற்கு மேல் வட்டார அலுவலகம். அதற்கும் மேல் தலைமையகம், போர்டு. வரம்பைத் தாண்டிக் கையெழுத்துப் போட்டால் ஆடிட்டர் வந்து காதைத் திருகுவார். மேலாளர் பெரிய மனிதர்தான். மரியாதை கொடுக்க வேண்டியதுதான். அதற்காக அவர் சொல்வதெல்லாம் ரிசர்வ் பேங்க் சுற்றறிக்கை ஆகிவிடாது.

கத்தோலிக்கத் திருச்சபையிலும் அப்படித்தான், நம்புங்கள். 'போப்பாண்டவர் தவறவே மாட்டார்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறோமே, அதன் வரலாறு என்ன? 1870 ஜூலை 18-ஆம் தேதி முதலாம் வத்திக்கான் சங்கம் அதை வரையறுத்தது. எப்போது அந்தத் தவறா வரம்? விசுவாசம், ஒழுக்கம் பற்றிய ஒரு விஷயத்தில், முழுத் திருச்சபைக்கும் ஆசானாக நின்று, 'இது இறுதி' என்று அவர் முறைப்படி அறிவிக்கும்போது. இத்தனை நிபந்தனை. அதற்குப் பிறகு இன்றுவரை எத்தனை முறை அப்படித் தனித்து அறிவித்திருக்கிறார்கள்? ஒரே ஒரு முறை. 1950 நவம்பர் 1-ஆம் தேதி, மாதா விண்ணேற்பு பற்றி. நூற்றைம்பது வருஷத்துக்கு மேல், 13 போப்பாண்டவர்கள், ஒரு முறை!

பொதுச் சங்கங்கள் வரையறுத்ததும், ஆயர்கள் எல்லாரும் ஒருமித்துக் காலங்காலமாகப் போதித்து வருவதும் தனிக்கணக்கு. அவையும் மாறாதவை. அதற்கடுத்த படியில் சுற்றுமடல்கள். ஏற்றுக்கொள்ளும் மனத்தோடு கேட்கவேண்டிய போதனை. இன்னும் கீழே ஒழுங்குமுறைகள். சூழ்நிலை மாறினால் அவையும் மாறும். அதற்கும் கீழே, ரொம்பக் கீழே, நம் பங்குச் சாமியார் பிரசங்கத்தில் சீரியலைப் பற்றியும் செல்போனைப் பற்றியும் எலெக்‌ஷனைப் பற்றியும் சொல்கிற சொந்த அபிப்பிராயம். பையனுக்கு இந்த ஐந்தும் ஒன்றுதான். ஃபாதர் சொன்னார், முடிந்தது. அவனுடைய அப்பாவுக்கும் ஒன்றுதான். ஆனால் அப்பா ஒன்றையும் கேட்பதில்லை, அது வேறு விஷயம்.

'ஆறாம் வகுப்புப் பையனுக்கு இதெல்லாம் புரியுமா சார்?' என்பீர்கள். ஏன் புரியாது? சேப்பாக்கத்தில் மேட்ச் நடந்தால் எல்.பி.டபிள்யூ.வுக்கு எத்தனை ரிவ்யூ பாக்கி, எப்போது அம்பயரின் தீர்ப்பு நிற்கும், எப்போது மூன்றாவது அம்பயரிடம் போகும் என்று எனக்கே அவன்தான் வகுப்பெடுக்கிறான். அம்பயரை மறுபரிசீலனை செய்யலாம் என்று தெரிந்ததால் அவனுக்கு அம்பயர் மேல் மரியாதை குறைந்துவிட்டதா?

பிள்ளைகளை இவ்வளவு மட்டமாக நினைக்கிற பழக்கம் எப்போது வந்ததென்று தெரியவில்லை. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் மணியடித்துப் பிள்ளைகளைத்தான் கூட்டினார். தட்டுத்தடுமாறித் தமிழில் மொழிபெயர்த்த மந்திரங்களை அவர்களுக்குச் சொல்லித்தந்து, போய் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள் என்று அனுப்பினார். அந்தக் கடற்கரையில் முதல் உபதேசிமார் வாண்டுகள்தான். இந்திய மண்ணில் அச்சான முதல் தமிழ்ப் புத்தகமே, 1578-இல் கொல்லத்தில் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அச்சடித்த 'தம்பிரான் வணக்கம்', ஒரு ஞானோபதேசப் புத்தகம். தமிழ் அச்சுக்கே பிள்ளையார் சுழி போட்டது மறைக்கல்வி. (பிள்ளையார் சுழி என்று எழுதியதற்குச் சண்டைக்கு வராதீர்கள். எங்கள் ஏரியாவில் எல்லாம் கலந்ததுதான்.) அப்பேர்ப்பட்ட பரம்பரை இன்று ஒரு மார்க் கேள்வியில் வந்து நிற்கிறது.

இன்னொரு வேடிக்கை. இந்தப் பாடம் நடக்கிற ஊர் எது? ராயபுரம். பழைய தமிழ்க் கத்தோலிக்கர்களுக்குப் பேதுரு, ராயப்பர். பவுல், சின்னப்பர். ராயப்பர் பெயரில்தான் ராயபுரம் என்பார்கள் எங்கள் பக்கத்தில். அங்கே இருக்கிற ராயப்பர் கோயிலை 1829-இல் கட்டியது யார் தெரியுமா? குருகுல வம்சத்துப் படகுக்காரர்கள். சென்னைக்குத் துறைமுகம் வராத காலம். கப்பல்கள் தள்ளி நிற்கும். அலையைத் தாண்டி மசூலாப் படகில் சரக்கையும் துரைமார்களையும் கரைக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். அவர்கள் எழுப்பிய கோயில். அந்தக் கோயிலின் நிர்வாகம் சமூகத்தின் கையிலா, மேற்றிராணியார் கையிலா என்ற தகராறு கோர்ட் வரைக்கும் போன பழங்கதை. மேற்றிராணியார் என்றால் ஆயர்தான், அந்தக் காலத்துச் சொல்.

ஆயர் என்றால் எந்த ஆயர்? அதிலும் ஒரு கூத்து. சாந்தோம் மயிலாப்பூர் மறைமாவட்டம் 1606-இல் வந்தது, போர்ச்சுகல் அரசரின் 'பத்ரவாதோ' உரிமையின் கீழ். பட்டணத்துக்குள்ளே ரோமாபுரி நேராக அனுப்பிய கப்புச்சின் சாமியார்கள் 1642-லிருந்து. 1838-இல் பதினாறாம் கிரகோரி, மயிலாப்பூர் மேலிருந்த போர்ச்சுகல் பாத்தியதையை ரத்து செய்தார். கோவா சாமியார்கள் என்ன சொன்னார்கள்? எங்கள் ராஜா ஒப்புதல் இல்லாத உத்தரவு செல்லாது என்றார்கள்! போப்பாண்டவரின் உத்தரவையே. சாமியார்களே! ஒரே பட்டணத்தில் இரண்டு ஆயர்கள், இரண்டு அதிகாரம். இந்த இரட்டை அடுப்பு அணைந்து சென்னை-மயிலாப்பூர் என்று ஒரே உயர்மறைமாவட்டம் ஆனது 1952-இல்தான். என் தாத்தா காலம். 'நம் கடமை கீழ்ப்படிதல்' என்று எழுதுகிற பையனிடம், உன் கொள்ளுத்தாத்தாவுக்கு யாருக்குக் கீழ்ப்படிவது என்பதே பெரிய வழக்காக இருந்தது என்று சொன்னால் அவனுக்கு விசுவாசம் போய்விடுமா? எனக்கென்னவோ அன்றைக்குத்தான் அவன் வகுப்பில் தூங்காமல் உட்காருவான் என்று தோன்றுகிறது.

ராயப்பர் கதையையாவது முழுசாகச் சொல்கிறோமா? ஜூன் 29-ஆம் தேதி ராயப்பர், சின்னப்பர் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே திருநாள். சுரூபத்தில் ஒருத்தர் கையில் சாவி, ஒருத்தர் கையில் வாள். அந்தியோக்கியாவில் ராயப்பர், யூதரல்லாதவர்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், யூதர்கள் வந்ததும் பயந்து ஒதுங்கிக்கொண்டார். பந்தி பேதம்! சின்னப்பர் எல்லார் முன்னாலும் முகத்துக்கு நேரே அவரைக் கண்டித்தார். கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது, எடுத்துப் படியுங்கள். முதல் போப்பாண்டவர் செய்தது தவறு என்று அவருக்கு அப்புறம் வந்த ஒருத்தர் சொன்னார். திருச்சபை அந்தக் கடிதத்தைக் கிழித்துப்போடவில்லை. வேதத்திலேயே சேர்த்துவைத்து, இரண்டு பேரையும் ஒரே நாளில் கும்பிடுகிறது. அதிகாரத்தைப் பற்றி இதைவிட நல்ல பாடம் உண்டா? நமது வகுப்பில் சாவியை மட்டும் காட்டுகிறோம்.

1983-இல் வந்த திருச்சபைச் சட்டத்தின் 212-ஆம் பிரிவு, விசுவாசிகள் தங்கள் கருத்தை மேய்ப்பர்களிடம் சொல்வது அவர்களுடைய உரிமை, சில நேரம் கடமையும்கூட என்கிறது. மரியாதையோடு சொல்லவேண்டும் என்றும் இருக்கிறது. சரிதான். அந்தப் பையன் மரியாதையோடுதான் கேட்டான். மிஸ் என்று கூப்பிட்டுத்தான் கேட்டான்.

கடைசியாக ஒன்று. இதை எழுத வேண்டாம் என்று வீட்டில் சொன்னார்கள். எழுதாமல் இருக்க முடியவில்லை.

அங்கி போட்டவர் தவறே செய்யமாட்டார் என்று ஒரு குழந்தைக்குச் சொல்லிச் சொல்லி வளர்க்கிறோம். நாளைக்கு அப்படி ஒருத்தர் அந்தக் குழந்தையிடம் தவறாக நடந்தால் அது என்ன செய்யும்? தவறு தன் மேல்தான் என்று நினைக்கும். வாயைத் திறக்காது. திறந்தாலும் நாம் என்ன சொல்வோம்? 'ஃபாதரைப் போய் அப்படிச் சொல்றியா' என்போம். அயர்லாந்திலும் அமெரிக்காவிலும் சிலியிலும் பல்லாயிரம் குழந்தைகள் இப்படித்தான் பல வருஷம் மௌனமாக இருந்தார்கள். 2018 ஆகஸ்டில் போப்பாண்டவர் பிரான்சிஸ் உலகக் கத்தோலிக்கர் எல்லோருக்கும் எழுதிய கடிதத்தில், குருக்களைத் தெய்வப்பிறவிகளாகத் தூக்கிவைக்கும் மனப்போக்குதான் இந்த அக்கிரமத்துக்குத் துணைபோனது, அதில் சாதாரண விசுவாசிகளுக்கும் பங்கு உண்டு என்றார். 2019-இல், சாமியார்களும் கன்னியர்களும் இத்தகைய குற்றம் தெரியவந்தால் மேலிடத்துக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்று சட்டம் போட்டார். நம் நாட்டில் 2012-இலிருந்து போக்சோ சட்டம் இருக்கிறது. தெரிந்தும் போலீசில் சொல்லாமல் இருப்பதே குற்றம்.

சாமியார்கள் எல்லாம் மோசம் என்று நான் சொல்லவில்லை. எனக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டிய சாமியார் ஒருவர் உண்டு. வெயிலில் சைக்கிள் மிதித்து எண்ணூர் வரைக்கும் நோயாளிகளைப் பார்க்கப் போனவர். அவரிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். கேட்டால் சிரிப்பார். தெரியாவிட்டால் தெரியாது என்பார். நான் இன்னும் கோயில் பக்கம் போகிறேன் என்றால் அவரால்தான்.

மற்ற மதத்து வாசகர்கள் 'நம்ம கதை இல்லை' என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். மடமோ மதரசாவோ ஆசிரமமோ, உங்கள் பிள்ளை அங்கே கேட்ட கடைசிக் கேள்வி என்ன, என்ன பதில் வந்தது என்று இன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது விசாரித்துப் பாருங்கள்.

பையனிடம் வருகிறேன். அவன் கேள்விக்கு நான் பதில் சொன்னேன். போப்பாண்டவரும் பாவிதான் தம்பி. பதினைந்து நாளைக்கு ஒரு தரம் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன் என்று பிரான்சிஸ் 2013-இல் தானே சொன்னார். அடுத்த வருஷம் மார்ச் மாதம் புனித பேதுரு பேராலயத்தில் ஜனங்களுக்குப் பாவமன்னிப்புக் கொடுக்கப் போனவர், காலியாக இருந்த இடத்தைக் கூட இருந்தவர் கைகாட்ட, முதலில் நான் என்று சைகை காட்டிவிட்டு, இன்னொரு சாதாரணச் சாமியார் முன்னால் போய் முழங்கால் போட்டார். போனில் அந்தப் படத்தைத் தேடி எடுத்துக் காட்டினேன். வெள்ளை அங்கி, குனிந்த முதுகு.

ரொம்ப நேரம் பார்த்தான். பெரிதாக்கிப் பார்த்தான்.

"அப்ப இவருக்கும் அபராதம் குடுப்பாங்களா அங்கிள்? எனக்குக் குடுக்கற மாதிரி அஞ்சு அருள்நிறை மந்திரம்?"

"கொடுத்துத்தானே ஆகணும்."

"இத எங்க மிஸ்ஸுக்கு வாட்ஸ்ஆப் பண்ணட்டுமா?"

"பண்ணு. பரீட்சை முடியட்டும்."